வாயருகே ஒரு குமிழ்

நம்ப விருப்பமில்லாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். இது யாரோ சொல்லிக் கேட்டதில்லை, என் கையால் நடந்தது. ஈக்வடார் கடற்கரையில், மீன் இறங்குதுறைக்கு எதிரே நகல் கடை வைத்திருக்கும் நார்சிசா நான். பேய் என்றால் வாய்விட்டுச் சிரித்தவள்தான்.

எங்கள் துறை மீனவன் வில்மர் ஞாயிறு இரவு தனியாகப் படகெடுத்தவன், திரும்பவில்லை. செவ்வாய் மதியம் 3.05க்கு அவன் அம்மா அவுரிஸ்டெலா வந்தார். ஆறு மணி ஜெபத்துக்கு எண்பது நினைவு அட்டைகள் வேண்டும்; அவன் படம், சிலுவை, மேலே பிளாஸ்டிக். பின்னாலேயே அவன் மனைவி மரியூக்சி ஓடி வந்தாள்.

"அக்கா, மிஷினப் போடாதீங்க. அவரு உசுரோடதான் இருக்காரு."

"நீ ஆசையில தொங்கு. எம்புள்ள ஆத்மா அங்க அலையுது," என்றார் மாமியார்.

"நாளைக் காலை வரைக்கும் தள்ளுங்கக்கா. அதுவரைக்கும் தேடுவாங்க."

எங்கள் துறையின் வழக்கம் அது. சிலுவை போட்ட அட்டை கைக்கு வந்துவிட்டால், தேடப் போன படகுகளை ரேடியோவில் திருப்பி அழைத்துவிடுவார்கள். அவள் கெஞ்சியது அதற்காகத்தான். நான் பெற்றவள் பக்கம் நின்றேன். இருவரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

3.40க்கு லேமினேட்டிங் மிஷினைப் போட்டேன். மேலே ஒரு பிலிம் ரோல், கீழே ஒன்று. மங்கலான பசைப்பக்கம் தாளைப் பார்க்க வேண்டும், பளபளப்பு சூட்டு உருளையைப் பார்க்க வேண்டும். மாற்றிப் போட்டால் உருளையைச் சுரண்டியே பொழுது போய்விடும். இரண்டு பிலிமையும் சேர்த்து ஒரு தடித்த அட்டையால் உள்ளே தள்ளினேன். சூடு 110. பச்சை விளக்கு எரிந்தது. ஒரு தாளுக்கு எட்டுப் படம், மொத்தம் பத்துத் தாள்.

4.10க்கு முதல் தாள் வெளியே வந்தது. வில்மரின் வாயருகே ஒரு குமிழ், மிளகு அளவு.

தூசி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். எட்டுப் படத்திலும் பார்த்தேன். எட்டிலும் அதே இடம்.

இரண்டாம் தாள்... மூன்றாம் தாள்... பத்தாவது வரை அப்படியேதான்.

விரலால் தொட்டேன். தாள் முழுக்கச் சுட்டது. குமிழ் மட்டும் ஜில்லென்று இருந்தது.

ஒன்றை பிளேடால் கீறினேன். புஸ்... டீசலும் உப்புத் தண்ணீரும் கலந்த வாடை.

மணி 4.35. டக்... டக்... டக். பல்சக்கரம் என்று நினைத்து மிஷினை நிறுத்தினேன்.

டக்... டக்...

சத்தம் நிற்கவில்லை.

 இருபது வருடப் பழக்கம். குமிழ் என்றால் எங்களுக்குப் பழுது. சூட்டைக் கூட்டு, உருளையை இறுக்கு, மறுபடி விடு. வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை.

சூடு 125. உருளையை இறுக்கினேன். முதல் தாளை மறுபடி விட்டேன்.

குமிழ் பாதியானது.

டக்... டக்.

இன்னொரு முறை விட்டேன். கடுகளவு.

அடுத்த தாள்... அடுத்தது...

டக்...

கடைசித் தாள். 5.12.

குமிழ் இல்லை. சத்தமும் இல்லை.

படங்கள் கண்ணாடி மாதிரி இருந்தன. 'அப்பாடா' என்றேன். வாய்விட்டே சொன்னேன்.

ஆறு மணிக்கு அட்டைகள் கைமாறின. படகுகள் திரும்பின. மரியூக்சி மட்டும் அட்டையை வாங்கவில்லை.

புதன்கிழமை ஒரு சூரைமீன் கப்பல் வில்மரின் படகைக் கண்டுபிடித்தது. சொந்த வலையிலேயே சிக்கி, தலைகீழாக மிதந்துகொண்டிருந்தது. முன்பக்க அறைக்குள் அவன் இருந்தான்.

மருத்துவர் சொன்னதை மரியூக்சிதான் கடைக்கே வந்து என்னிடம் சொன்னாள். அழவில்லை.

"தண்ணி குடிச்சுச் சாகலயாம்க்கா. கவுந்த படகுக்குள்ள கொஞ்சம் காத்து நின்னுருக்கு. அதுல வாய வச்சு மூச்சு விட்டே ரெண்டு நாள் ஓட்டியிருக்காரு. பலகையத் தட்டித் தட்டிக் கை முட்டியெல்லாம் தோல் உரிஞ்சிருக்காம். செவ்வாக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல காத்து தீந்துருச்சாம்."

மிஷினைப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள்.

"நீங்க அப்ப என்னக்கா பண்ணிட்டு இருந்தீங்க?"