துணி அறையில் ஆங்கிலம்

எண்பதுகளின் நடுவில் தருமபுரிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். ஒரு நாள் டூட்டி முடிந்து கிளம்பும்போது தலைமை சிஸ்டர் கூப்பிட்டார். மங்களூர்க்காரர், தமிழை அளந்து பேசுவார்.

"இங்கிலாந்துல ஆபரேஷன் தியேட்டர் ட்ரெய்னிங். ரெண்டு வருஷம். உன் பேர் குடுத்தாச்சு. இங்கிலீஷ் பரீட்சை மட்டும் நீ பாஸ் பண்ணனும்."

சம்மதமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிஸ்டர் முன்னால் மாட்டேன் என்று சொல்லும் வாய் அன்று எனக்கில்லை. வீட்டில் மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள்.

என் கணவர் பாப்பாரப்பட்டி வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். விஷயத்தைச் சொன்ன மறுநாளே அந்த ரூட் முழுக்கத் தெரிந்துவிட்டது. தக்காளிக் கூடையோடு ஏறுகிறவர்கள்கூட அவரிடம், "வூட்டுக்காரம்மா எப்பங்க லண்டன் போறாங்க?" என்று விசாரித்தார்கள். அடுத்த ஞாயிறு பூசை முடிவில் ஃபாதர் எனக்காக எல்லோரையும் ஜெபிக்கச் சொன்னார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மடியில் தூங்கிய மகளின் தலையைத் தடவிக்கொண்டு குனிந்திருந்தேன்.

படிப்பு ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. மதியம் வெளிநோயாளிகள் போனபின், துவைத்த துணிகளை அடுக்கும் சின்ன அறையில் நான் உட்கார வேண்டும். ஒரு டேப் ரிக்கார்டர், நாலைந்து கேசட், ஒரு தடிப் புத்தகம். யாராவது கூப்பிட்டால் எழுந்து ஓடிவிடுவேன் என்று சிஸ்டர் வெளியே கொண்டி போட்டுவிடுவார். பக்கத்து அறையில் கருவிகளை அவிக்கும் ஆவியின் வெக்கை சுவர் வழியாக ஏறும். கேசட்டில் ஒரு வெள்ளைக்காரர் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொல்வார். அவர் பெட்டியை எங்கே வைத்தார் என்பதை நான் எழுத வேண்டும். வெளியே பிரசவ வார்டில் யாரோ முனகுவது கேட்கும். இன்னும் நேரமிருக்கிறது, இது பொய் வலி என்று மனசு அங்கே கணக்குப் போடும். பெட்டி எங்கே போனதென்று தெரியாது. டேப்பைத் திரும்ப ஓட்டுவேன்.

அப்படி ஒரு மதியம் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. தினமும் கேட்கிற அழுகைகளில் ஒன்று என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த வீறிடலில் எழுந்துவிட்டேன். அது என் மகள்.

கதவைத் தட்டினேன். பிறகு இடித்தேன். "சிஸ்டர், தெறங்க! எம் புள்ள சிஸ்டர்!" அந்த வெள்ளைக்காரர் பின்னால் நிதானமாகப் பேசிக்கொண்டே இருந்தார். கடைசியில் தரை துடைக்கிற அம்மாதான் ஓடிவந்து கொண்டியை எடுத்தார்.

வீட்டில் ஆட்டுக்கல்லில் விழுந்து புருவம் கிழிந்திருந்தது. தூக்கிக்கொண்டு வந்த மாமியார் சேலையெல்லாம் ரத்தத்தோடு நின்றிருந்தார். டாக்டர் தையல் போட, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது நான்தான். மகள் என்னைப் பார்க்கவேயில்லை. மாமியாரின் விரலைப் பிடித்துக்கொண்டு, "ஆயா, ஆயா" என்றே அழுதாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னேன்.

"நான் போவலீங்க."

சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

"ஃபாதர் பூசையில சொல்லிட்டாரு. சிஸ்டர் எழுதிப் போட்டுட்டாங்க. இப்ப போவலன்னா நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் டிக்கெட் கிழிக்கிறது?" என்றார். பிறகு மெதுவாக, "பாப்பாவுக்காகத்தான போற?" என்றார்.

மறுநாள் மதியம் மறுபடி துணி அறைக்குப் போனேன். கொண்டி விழும் சத்தம் கேட்டது.

தேர்வு பெங்களூரில். எழுத்துத் தேர்வு சுமாராகப் போயிற்று. பிறகு வாய்மொழித் தேர்வு. வயதான வெள்ளைக்கார அம்மாள் ஒருவர், முகத்தில் நல்ல சிரிப்பு. "நீங்கள் ஏன் இங்கிலாந்து போக ஆசைப்படுகிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அதற்குச் சிஸ்டர் சொல்லிக் கொடுத்த பதில் எனக்கு மனப்பாடம். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"எனக்குப் போக ஆசையில்லை" என்றேன் ஆங்கிலத்தில். "மூன்று வயதில் ஒரு மகள் இருக்கிறாள். ஒரு கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் அழுவதைக் கேட்டேன். அங்கே போனால் அந்த அழுகைகூடக் கேட்காது." கணவர், ஃபாதர், பஸ், எல்லாவற்றையும் சொன்னேன். என் வீட்டில் யாருக்கும் புரியாத மொழியில் அது சுலபமாக வந்தது. முதல்முறையாக, தமிழில் யோசித்து மாற்றாமல் ஆங்கிலம் பேசினேன். அந்த அம்மாள் கடைசியில் என் கையைத் தட்டிக் கொடுத்து, எதையோ குறித்துக்கொண்டார்.

என்னை அனுப்பாமல் விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில், துணைக்கு வந்திருந்த கணவர் கேட்டார்: "என்ன கேட்டாங்க?"

"ஏன் போவணும்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதச் சொன்னேங்க."

"அது போதும்" என்று சொல்லிச் சந்தோஷமாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

முடிவு வந்ததும் சிஸ்டர் வார்டுக்கே வந்து கட்டிக்கொண்டார். எழுத்தில் தேறியது மயிரிழையில்தானாம். "பேச்சுலதான் உனக்கு ரொம்ப உயர்ந்த மார்க்!" என்றார். என் அழுகையைப் பார்த்து நோயாளிகள்கூடக் கை தட்டினார்கள்.

போனேன். இரண்டு வருடம் என்றது நான்காயிற்று. திரும்பி வந்தபோது மகள் இரண்டாம் வகுப்பு. என்மேல் அவளுக்குக் கோபமெல்லாம் இல்லை. கேட்டதற்கெல்லாம் நன்றாகவே பதில் சொன்னாள். காய்ச்சல் வந்தால் மட்டும், பாயைத் தூக்கிக்கொண்டு மாமியார் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள்.