பெரியவர் இருக்கும்வரை

பக்கத்து வீட்டு மாடியில் குடியிருந்த தையல்காரியை, கீழே இருக்கும் ஓனரம்மா திடீரென்று காலி பண்ணச் சொன்னாள். படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனாரை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? வீட்டுத் தரகர்தான் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார்.

"பெரியவர் கண்ணை மூடுற வரைக்கும் இருக்கட்டும்மா. அப்புறம் இந்தப் பொண்ணு மறுபேச்சு இல்லாம காலி பண்ணிடும்."

இரண்டு பேரும் தலையாட்டினார்கள். பெரிய சமாதானம்!

அன்றிலிருந்து ஓனரம்மா தினமும் படியேறி, "பெரியவர் எப்படி இருக்காரு? சாப்பிடுறாரா?" என்று விசாரிப்பாள். அக்கறையாம், அக்கறை!

நேற்றுக் காலையில் தைத்த ரவிக்கையை வாங்கப் போனேன். பெரியவர் போய்ச் சேர்ந்திருந்தார். தையல்காரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாய்விட்டு அழுடி," என்றேன்.

"கீழ கேட்டுடும்க்கா," என்றாள்.