கழிப்பறைக்குக் கப்பல் கதவு

குன்றுதோறும் நின்றருளும் வேலவன் திருவடி காக்க.

ஆடிக் கிருத்திகை நன்னாளில் மலைக்கோயிலில் வணங்கிவிட்டு, ஜவ்வாது மலையில் புதிதாக முளைத்திருக்கும் விடுதியொன்றில் நீர் அருந்த நுழைந்தேன். அங்கே கழிப்பறை வாசலாக நின்றது, என் தந்தை பணியாற்றிய கடற்படைப் போக்குவரத்துக் கப்பலிலிருந்து நிலைப்படியோடு பெயர்த்தெடுத்த இரும்புக் கதவு. மேலே கப்பலின் பெயர்ப்பலகை வேறு. கப்பல் ஓய்வுபெற்ற நாளன்று மாலையில் கொடியிறக்கிக் கண்கலங்க உரையாற்றிவிட்டு, அதே கப்பலை உடைப்பதற்கு ஏலம் விட்ட கடற்படைப் பெருமக்களின் நன்றியுணர்வை என்னென்பது.

எண்ணெயும் உப்பும் கலந்த அதே வாடை. அந்நாளில், படைவீரர் குடும்பங்களைத் தீவுப் பணியிடத்துக்குச் சுமந்த அக்கப்பலின் கீழ்த்தளத்தில், சுவரெல்லாம் இயந்திரத்தால் அதிர, அவ்வதிர்வையே தாளமாகக் கொண்டு அம்மா பதிகம் பாட, வெந்த பருப்பின் மணம் படுக்கைகளுக்கிடையே ஊர்ந்துவர, பிள்ளைகள் நாங்கள் இக்கதவின் முழங்கால் உயரப் படியைத் தாண்டித் தாண்டி விளையாடுவோம். “மிதிக்காதடா, இதுவும் நம்ம வூடுதான்” என்பாள்.

கதவை வேறெங்காவது மாட்டுமாறு விடுதி முதலாளியிடம் வேண்டினேன்.

“இன்னா பெரியவரே, பழைய இரும்புக்குப் போயி. அவசரம்னா நீங்களும் போய்ட்டு வாங்க” என்றார், படியில் செருப்புக்காலை ஊன்றியபடி.

அவர் நகர்ந்ததும், கோயில் குங்குமத்தை எடுத்துப் படி நெடுக இட்டேன். அடுத்து வந்த இளைஞர் குனிந்து பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டார்.

“இப்ப எவன் உள்ள போவான்?” என்றார் முதலாளி. குங்குமத்தைத் துடைக்க அவர் கையும் நீளவில்லை.

இதைப் படிப்போர் அனைவர்க்கும் வேலவன் அருள் பெருகுக. அம்முதலாளிக்குச் சற்றுக் கூடுதலாக.