கொறற்றி துடைத்த சுவர்

கொறற்றி அக்கா சுவரோடு கதைத்தபடியே துடைக்கிறார். "கொஞ்சம் பொறு, இடுக்குக்குள்ள எவ்வளவு ஊத்தை" என்று பலகை மூட்டுக்குள் துணியைச் செருகிக் குடைகிறார். வாளித் தண்ணீர் கறுக்கக் கறுக்க அவருக்குச் சந்தோசம்.

பிராங்பேர்ட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளி, கோதுமை வயல்களுக்கு நடுவே நிற்கும் லூத்தரன் தேவாலயம் அது. பழைய கற்கோயில் இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து எரிந்துபோனது. போர் முடிந்ததும் ஊரவர்கள் மரப்பலகைகளால் இதைக் கட்டினார்கள். துப்புரவும் மணியடிப்பும் அக்காவின் வேலை. குருநகரிலிருந்து புலம்பெயர்ந்த கத்தோலிக்கரான அவர், யாருமில்லாத நேரத்தில் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். "இவையள் போடமாட்டினம். நான் போட்டா ஆருக்கு என்ன?" எல்லாம் எரிந்த பிறகும் தங்கள் கையால் கோயில் எழுப்பிய சனங்கள் என்று, வருகிறவர்களுக்கெல்லாம் ஊரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்.

இந்த வசந்தத்தில் சுவரின் பழைய பூச்சைச் சுரண்டினார்கள். அக்காவைப் பார்க்க நான் போயிருந்த அன்று, பீடத்துக்கு இடப்புறம், முழங்காலுக்கும் கீழே, பலகையில் கீறிய இரண்டு பெண் பெயர்கள் வெளிப்பட்டன. ஹலினா. வேரா. பக்கத்தில் 1943.

பிள்ளைகள் கிறுக்கியது, மதியத்துக்குள் மூடிவிடலாம் என்றார் பூச்சுக்காரர். அக்கா ஆண்டைப் பார்த்தார். கோயில் கட்டியது போருக்குப் பிறகல்லவா? தூரிகையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, போதகர் டொறத்திக்குத் தொலைபேசி எடுத்தார்.

வந்த டொறத்தி சுவரின் முன் குந்தினார். எழுத்துகளை விரலால் தடவினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: பக்கத்தில் ஓர் ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் பிடித்துவந்த பெண்களை அங்கே முகாம் கொட்டகைகளில் அடைத்து வேலை வாங்கினார்கள். போருக்குப் பின் அந்தக் கொட்டகைகளிலிருந்து அப்படியே கழற்றி வந்த பலகைச் சுவர்கள்தான் இவை. மூத்தவர்களுக்குத் தெரியும், ஒருவரும் பேசுவதில்லை.

அக்கா என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அப்ப நான் இவ்வளவு வருசமும் எதைத் துடைச்சனான்?"

பூச்சுக்காரர் ஓசையில்லாமல் பூச்சு வாளியை மூடினார். இந்தப் பலகைகளில் இனிப் பூச்சு படக்கூடாது என்றார் டொறத்தி.

ஏன் இவ்வளவு தாழ்வாக எழுதினார்கள் என்று அக்கா அவரிடம் கேட்டார். கட்டிலில் படுத்தபடி கீறியிருப்பார்கள் என்று பதில் வந்தது.

அக்கா செருப்பைக் கழற்றினார். வெறும் தரையில் படுத்து, சுவர்ப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை மடக்கிக்கொண்டார். பெயர்கள் அவர் கண்ணுக்கு நேரே இருந்தன.