அடையாள அட்டைக்கு ஏற்ற முடி

ஹைத்தியின் பக்கத்து நாட்டில், கொன்சுவேலோ என்ற ஊரில் கரும்பாலைக்குப் போகும் தெருவில் எதுவிஹிஸ் முடி நேராக்கும் கடை வைத்துப் பதினான்கு வருஷம். பதினெட்டு வயதாகும் பெண்கள் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கப் போகுமுன் அவளிடம்தான் வருவார்கள். சுருட்டை முடியோடு போனால் அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த வருமானத்தில்தான் தங்கை யானெலிஸைப் படிக்க வைத்தாள். பள்ளியிலேயே முதல் மாணவி. செவிலியர் படிப்பில் இடமும் கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரியில் அட்டைக்குப் பதிந்த சீட்டையாவது காட்ட வேண்டும்.

வியாழன் காலை இரண்டு மணி நேரம் தங்கையின் முடியை இழுத்து நேராக்கினாள். அலுவலக வரிசையில் நிற்கும்போது மழை பிடித்துக்கொண்டது. உள்ளே போவதற்குள் முடி மறுபடி சுருண்டு எழுந்தது.

குமாஸ்தா முகத்தைச் சுளித்தான். “முடியைச் சரி பண்ணிட்டு வா. இந்தக் கோலத்துல எடுத்தா ஹைத்திக்காரின்னுதான் நெனைப்பாங்க, அட்டை கெடைக்காது. அப்பா எந்த ஊரு?”

“இதே ஊருதான் சார். இங்க பொறந்து, இங்க கரும்பு வெட்டி, இங்கயே செத்தாரு,” என்றாள் எதுவிஹிஸ்.

“இங்க பொறந்ததுக்குக் காகிதம் இருக்கா?”

அதற்குள் ஆலை மேலாளரின் மனைவி அட்டையைப் புதுப்பிக்க வந்தாள். யானெலிஸைவிட ஒரு படி கூடுதல் கறுப்பு. “வாங்கம்மா” என்று குமாஸ்தா நாற்காலி போட்டு, படிவத்தின் நிறக் கட்டத்தில் ‘வெளிர் இந்தியர்’ என்று எழுதினான். இந்தியர் என்றால் அந்த மண்ணின் பூர்வகுடிகள்; அவர்கள் அழிந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. கறுப்பு என்று சொல்ல வாய் வராதவர்களுக்கு அவர்கள் பெயர் மட்டும் உதவுகிறது.

எதுவிஹிஸ் குமாஸ்தாவிடம் சீறினாள். “யோவ், அந்தம்மா தலையை வாராவாரம் இழுக்கிறவ நான்தான். வேர்ல என்ன முடின்னு என்னைக் கேளு! கார்ல வந்தா இந்தியர், நடந்து நனைஞ்சு வந்தா ஹைத்திக்காரியா?”

வரிசை சிரித்தது.

“வாயை அடக்கு எதுவிஹிஸ். இனிமே உன் கடைப்பக்கம் வரமாட்டேன்,” என்றாள் மேலாளர் மனைவி.

“வராதீங்க. எனக்குக் கைவலி மிச்சம்.”

கூட்டம் சேர்வதைப் பார்த்த குமாஸ்தா அவசரமாக யானெலிஸைப் படம் எடுத்தான். ‘அடர் இந்தியர்’ என்று எழுதினான்.

“நான் கறுப்பு. அப்படியே எழுதுங்க,” என்றாள் யானெலிஸ்.

“கறுப்புன்னா விசாரணை இருக்கு. அப்பா காகிதத்தோட அடுத்த மாசம் வா.”

எதுவிஹிஸ் பேனாவை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். “எழுதித் தொலைக்கட்டும்டி. கையெழுத்துப் போடு.”

“நீயாக்கா சொல்ற?”

“நாளைக்கு வெள்ளிக்கிழமை.”

காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்திட்டாள் யானெலிஸ். சீட்டைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்தாள் எதுவிஹிஸ். வாசலில் தலைக்குப் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் நின்றார்கள். பாதித் தலைகள் அவள் கைபட்டவை. யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.