பாக்டீரியாவுக்கு ப்ளீச்சிங் பவுடர் போட்ட ஊர்

ஒரு ரகசியம் என்னிடம் வந்தால் எனக்கு அஜீரணம் ஆகிவிடும். ஐம்பத்திரண்டு வயதில் இதை ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. "யாருகிட்டயும் சொல்லிடாதீங்க அத்தான்" என்று என் மனைவியின் தங்கை மலர் வியாழக்கிழமை போனில் சொன்னாள். வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் என்னிடமே வந்து, "சார், ஜெர்மன்காரம்மா வாராங்களாமே?" என்று கேட்டுவிட்டார்.

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நான் அன்னவாசல் பக்கம் போன கதை இது. அந்தப் பக்கம் போகத் திட்டமிடுகிறவர்களுக்கு வழியும் செலவும் இடையிடையே வரும்.

மலர் திருச்சியில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியை. அன்னவாசலைத் தாண்டி ஒரு கிராமத்து ஊருணிக் கரையில், துணி துவைக்கும் கல்லை ஒட்டிய களர் சேற்றிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்திருந்தாள். அது சுரக்கும் நொதி சோப்புத் தண்ணீரிலும் சோர்ந்து போகாமல் குழம்புக் கறையைத் தின்னுமாம். சலவைத்தூள் தயாரிப்பவர்கள் இப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதன் மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படிக்க மூன்று நாடுகள் கைகோத்தன. வளர்ப்பது திருச்சி, சின்னச் சின்னத் துண்டாகப் படிப்பது ஜெர்மனி, நீளத் துண்டுகளாகப் படித்து நடுவில் உள்ள ஓட்டைகளை அடைப்பது ஜப்பான்.

ஜெர்மனி தன் பங்கை முடித்த நேரத்தில் மலரின் ஆய்வகத்தில் விபரீதம். சேமித்து வைத்த குழாய்களில் எல்லாம் வேறு ஏதோ ஒரு கிருமி கலந்து, நம் ஆளைத் துடைத்துவிட்டது. ஜப்பானுக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஜெர்மனியிலிருந்து வந்திருந்த கத்ரின் ஞாயிறு ராத்திரி விமானம் ஏறுவதற்குள் அதை உயிரோடு காட்டியாக வேண்டும். இல்லாவிட்டால் வேறு நாட்டு பாக்டீரியா ஒன்றுக்கு மாறிவிடுவார்கள். மலரின் நான்கு வருஷ உழைப்பு அம்போ.

இதில் என் பங்கு கார் ஓட்டுவது மட்டும்தான். ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு வழி செய்ய வேண்டாமா? அந்த ஊர்க்காரனும் என் பழைய ஆபீஸ் சிநேகிதனுமான ஆரோக்கியசாமிக்குப் போன் போட்டேன். பேச்சுவாக்கில், "ஒங்க ஊருணிய உலகமே பாக்கப் போகுதுய்யா" என்று ஒரு வார்த்தை கூடிவிட்டது.

சனிக்கிழமை காலை 6.10க்குத் திருச்சியிலிருந்து கிளம்பினோம். மதுரை ரோட்டில் விராலிமலை ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். அங்கே டீ பதினைந்து ரூபாய். மயில்கள் இலவசம், கத்ரின் எடுத்த படங்களை எண்ண முடியாது. பிறகு இலுப்பூர் வழியாக அன்னவாசல். எட்டு மணிக்கு டிபன், மூன்று பேருக்கும் சேர்த்து 240 ரூபாய். உளுந்து வடையில் ஓட்டை ஏன் என்று கத்ரின் கேட்டாள். எனக்குத் தெரியாது. ஆனாலும் பத்து நிமிஷம் விளக்கம் சொன்னேன்.

அங்கிருந்து உள்ளே ஆறு கிலோமீட்டர். ஊர் எல்லையிலேயே ரோட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு நீண்டு போனது. "மந்திரி யாராச்சும் வாராங்களா?" என்று கேட்டேன். மலர் மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். திருப்பத்தில் ஒரு ஃப்ளெக்ஸ். 'பாக்டீரியா ஆராய்ச்சிக்கு வருகை தரும் அயல்நாட்டு விஞ்ஞானிகளே வருக!' நடுவில் பெரிதாக என் படம். இருபது வருஷத்துக்கு முந்தைய படம், மீசையோடு.

ஊருணிக்கரை பனி பெய்தது போலக் கிடந்தது. துவைக்கிற கல்லைச் சுற்றி விரல் கனத்துக்கு ப்ளீச்சிங் பவுடர்.

"வாங்க, வாங்க!" ஊராட்சித் தலைவர் தனலெட்சுமி பட்டுச் சேலையில் நின்றிருந்தார். "ஒரு கிருமி இருக்காதுங்க. நேத்தே ரெண்டு மூட்டை கொட்டியாச்சு."

"ரெண்டு மூட்டையா?" என்றாள் மலர்.

"பத்தாதுங்களா? ஆபீசுல இன்னொன்னு கெடக்கு, எடுத்தாரச் சொல்லவா?"

மலர் மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "யாருகிட்ட சொன்னீங்க அத்தான்?"

"ஆரோக்கியசாமிகிட்ட மட்டும்தான்."

"எங்கிட்ட மட்டுமா!" என்று கூட்டத்திலிருந்து சாட்சி சொல்ல முன்வந்தான் அந்தத் துரோகி. "நீ போன் போடுறதுக்கு முன்னாடியே கீரனூர்லேருந்து எம் மச்சினன் கேட்டுட்டான்யா, ஒங்க ஊருக்கு வெள்ளக்காரங்க வாராங்களாமேன்னு."

மலர் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானமாவது சொல்லியிருக்கலாம். கரையில் உட்கார்ந்து அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று எழுந்தாள். "கல்லுக்கு அடியில பவுடர் போயிருக்காது. பொரட்டணும்."

"அது எங்கல்லு" என்றார் தலைவர். அதுவரை இருந்த வரவேற்புச் சிரிப்பு போய்விட்டது. "தெனம் நான் தொவைக்கிற கல்லு. இந்தச் சாய்வு வர எத்தன நாளு ஆச்சு தெரியுமா? பொரட்டுனா அதே மாதிரி வச்சுக் குடுக்கணும். இல்லைன்னா அந்த ஜெர்மன்காரம்மாதான் எங்க வீட்டுத் துணிய அலசிட்டுப் போகணும்."

மலர் இதை அப்படியே மொழிபெயர்த்தாள். கத்ரின் சம்மதித்துத் தலையாட்டினாள்.

இரண்டு கடப்பாரை, ஊர்க்காரர்கள் நால்வர், ஐந்தாவதாக நான். குற்றவாளி சும்மா நிற்க முடியுமா? கல் அசைந்த அதே கணத்தில் என் இடுப்பும் அசைந்தது. கல் புரண்டது, நான் நிமிரவில்லை. அடியில் கன்னங்கரேலென்று சேறு. மலர் குப்புறப் படுத்து, பன்னிரண்டு குழாய்களில் அள்ளி ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

புரட்ட இருபது நிமிஷம். திரும்ப வைக்க ஒண்ணரை மணி நேரம். "இங்கிட்டு ஒரு நூல். ஏய், அங்கிட்டு இல்லப்பா!" என்று தலைவர் வேலை வாங்கினார். கடைசியில் கத்ரினுக்குப் போர்த்த வாங்கி வைத்திருந்த பொன்னாடையையே துவைத்துப் பார்த்துவிட்டு, "சரி, போங்க" என்றார்.

ஆரோக்கியசாமி வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன், உட்கார முடியவில்லை. திரும்பும்போது மலர்தான் கார் ஓட்டினாள்.

ஞாயிறு பதினோரு மணிக்குப் போன். "அத்தான், இருக்கு! பால் கலந்து வளர்க்குற தட்டுல வட்டம் வட்டமா தின்னு வச்சிருக்கு!" பிறகுதான் அழுதாள். கத்ரின் நிம்மதியாக விமானம் ஏறினாள். போன வாரம் ஜப்பானும் படித்து முடித்துவிட்டது. ஜெர்மனித் துண்டுகளோடு அச்சாகப் பொருந்துகிறதாம், ஓட்டை ஒன்றுகூட இல்லை. அந்த பாக்டீரியாவின் பெயருக்குப் பின்னால் இனி அந்தக் கிராமத்தின் பெயர் இருக்கும். தலைவர் அடுத்த ஃப்ளெக்ஸுக்குச் சொல்லிவிட்டார்.

நீங்கள் போவதாக இருந்தால்: திருச்சியிலிருந்து பஸ்ஸில் விராலிமலை, அங்கே மாறி இலுப்பூர், அன்னவாசல். சித்தன்னவாசல் ஓவியங்களைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள், பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கும். கல் புரட்டும் வேலை இருந்தால் இளவட்டங்களை அழைத்துப் போங்கள். கிருமி தேடிப் போகிற ஊருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லவே சொல்லாதீர்கள்.

மலர் நேற்றுதான் இன்னொன்றும் சொன்னாள். கல்லுக்கு அடியில் அள்ளிய பன்னிரண்டு குழாயிலும் அது இல்லையாம். ஜப்பான் படித்து முடித்தது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கத்ரின் கரையில் சுரண்டிய ஒரு கரண்டி வெள்ளைச் சேற்றில் இருந்ததைத்தானாம். ப்ளீச்சிங் பவுடரில் மற்றதெல்லாம் செத்துப்போய், அது மட்டும் தனியாக உட்கார்ந்திருந்ததாம்.