கேப்டன் வேரா சாகவில்லை

பசுமலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சூசையம்மாள் லேப் அட்டெண்டர். இருபத்தேழு வருஷமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தனி ஊசல் கட்டிக் கொடுக்கிறார். ஸ்டாண்டில் நூலைக் கட்டி, நுனியில் குண்டைத் தொங்கவிட்டு, லேசாகத் தட்டி, ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்வார். படிப்பு பத்தாவதோடு நின்றது. ஆனால் வகுப்புக்குப் பின்னால் நின்று கேட்டுக் கேட்டே பாதி இயற்பியல் அவருக்கு அத்துப்படி.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் டயானா போன வருஷம் வந்தபோது டிவியில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தாள். அதில்தான் தமிழில் டப் செய்த ‘ஆழிக்கலம்’ தொடர் கண்ணில் பட்டது. வேறொரு சூரியனைத் தேடிப் போகும் விண்கப்பல், அதை ஓட்டும் கேப்டன் வேரா. மற்ற சீரியலில் மாமியார் எதற்கு அழுகிறாள் என்று கடைசிவரை தெரியாது, இதில் கப்பல் எதற்கு நின்றது என்று சொல்லிவிடுகிறார்கள் என்பார் சூசையம்மாள். ரசிகர்களின் வாட்ஸப் குரூப்பிலும் சேர்ந்துகொண்டார். இருநூறு பேர், பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். ரோஜாப்பூ படம் வைத்த சூசைக்கு வயது ஐம்பத்தொன்பது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை சீசனின் கடைசி எபிசோட் வந்தது. மறுநாள் பள்ளி விடுமுறை. காலை வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தார். எஞ்சின் கெட்டுப்போகிறது. வேரா எல்லோரையும் சிறு கலங்களில் ஏற்றி அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கிவிடுகிறாள். எஞ்சின் சத்தம் அடங்குகிறது. விளக்குகள் அணைகின்றன. வேரா கண்ணை மூடுகிறாள். அவ்வளவுதான்.

குரூப் முழுக்க அழுகை. கொட்டாம்பட்டியில் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பார்க்கும் சிவபாண்டி, “எனக்குச் சோறு இறங்கலை” என்று எழுதியிருந்தான். சூசையம்மாளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் ஏதோ ஒன்று உறுத்தியது. கடைசி நிமிஷத்தைத் திரும்ப ஓடவிட்டார்.

வேராவின் அறைக் கூரையில் அவள் அம்மாவின் லாக்கெட் ஒன்று சங்கிலியில் தொங்கும். எஞ்சின் ஓடினால் நேராகத் தொங்கும், தட்டினால் ஆடும். எஞ்சின் நின்றால் போன போக்கில் மிதக்கும். அத்தனை எபிசோடிலும் அப்படித்தான் காட்டினார்கள். இப்போது அந்த இருட்டில், வேராவின் தோளுக்குப் பின்னால், லாக்கெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிதானமாக ஆடிக்கொண்டிருந்தது.

“என்னங்க, இங்க வாங்க.”

ரயில்வேயில் ஓய்வு பெற்ற கணவர் லாசர், மீன் கழுவிய கையோடு வந்தார்.

“இந்த லாக்கெட் ஆடுதா?”

“ஆடுது. அதுக்கென்ன?”

“எஞ்சின் ஓடுதுன்னு அர்த்தம். அவ சாகலை.”

குரூப்பில் இதைப் பேசி அனுப்பினார். ஒரு பிள்ளை சிரிப்பு பொம்மை போட்டது. சிவபாண்டி நேராகப் போனே பண்ணிவிட்டான்.

“அக்கா, ஷூட்டிங்ல ஃபேன் காத்துல ஆடியிருக்கும். எடுத்தவன் கவனிச்சிருக்க மாட்டான்.”

“காத்துன்னா கண்டபடி ஆடும் தம்பி. இது எண்ணி எண்ணி ஆடுது. நானும் எம்புட்டு ஊசல் பாத்திருக்கேன்.”

“எஞ்சின் நின்னா ஊசல் ஆடாதுங்கிறதை எப்படி நம்புறது? நாம அங்கயா போய்ப் பாக்க முடியும்?”

நியாயமான கேள்வி என்று சூசையம்மாளுக்குப் பட்டது. பத்தாம் வகுப்புக்கு ஆசிரியர் செய்து காட்டும் சோதனை ஒன்று நினைவுக்கு வந்தது. பிளாஸ்டிக் பாட்டிலில் ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினால், பீய்ச்சி ஊற்றும். அதையே மேலிருந்து கீழே விட்டால், விழுகிற நேரம் மட்டும் தண்ணீர் வெளியே வராது. பாட்டிலும் தண்ணீரும் ஒரே வேகத்தில் விழுவதால் எடை தெரியாது. எஞ்சின் நின்ற கப்பலுக்குள்ளும் அதே கதைதான். எடை தெரியாத இடத்தில் ஊசலைக் கீழே இழுக்க ஒன்றும் இல்லை.

லாசர் பாட்டிலோடு மாடிக்குப் போனார். சூசையம்மாள் கீழே நின்று ஸ்லோமோஷனில் படம் பிடித்தார். முதல் பாட்டில் சன்ஷேடில் மோதித் தெறித்து அவரை நனைத்தது. “தள்ளிப் போடுங்கன்னா கேக்குறீங்களா,” என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாவது சரியாக விழுந்தது. ஓட்டையிலிருந்து வந்த தண்ணீர் நடுவழியில் கத்தரித்ததுபோல் நின்றிருந்தது.

வீடியோவை அனுப்பியதும், எடிட் பண்ணியது என்று ஒருவன் எழுதினான். சூசையம்மாள் மீன் குழம்பைக் கூட்டப் போனார்.

சாப்பிட்டு முடித்தபோது சிவபாண்டியின் வீடியோ வந்திருந்தது. தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்று பாட்டிலை விட்டிருந்தான். ஒரு தடவை இல்லை, ஐந்து தடவை. கீழே நின்று எடுத்தது அவன் மனைவி முத்துமீனா. “நின்னுருச்சு, தண்ணி நின்னுருச்சு. இன்னொரு வாட்டி போடுங்க,” என்று அவள் குரல் கேட்டது. அதைத் தொடர்ந்து திருமங்கலத்திலிருந்து ஒன்று, இன்னும் எங்கெங்கிருந்தோ நாலைந்து. சாயங்காலத்துக்குள் பாட்டில்கள் விழுந்துகொண்டே இருந்தன. சிரிப்பு பொம்மை போட்ட பிள்ளை, “ஸாரி மேம், நீங்க சயின்ஸ் டீச்சரா?” என்று கேட்டிருந்தது.

“இல்லம்மா. லேப் அட்டெண்டர்,” என்று எழுதினார்.

தொடரை எடுத்தவர்கள் தெரிந்துதான் லாக்கெட்டை அப்படி ஆடவிட்டார்களா என்று இன்னும் யாருக்கும் தெரியாது. சிவபாண்டி மறுபடி கூப்பிட்டான்.

“அடுத்த சீசன் வர ஒன்றரை வருஷம் ஆகுமாம்க்கா. அதுல அவ செத்துட்டதாக் காட்டிட்டா?”

“அப்ப லாக்கெட் ஏன் ஆடுச்சுன்னு கேட்டு நாம எழுதிப் போடுவோம்.”

“சரிக்கா. நான் போய்ச் சாப்பிடுறேன்.”

“போ தம்பி, முதல்ல சாப்பிடு,” என்று சொல்லிவிட்டு, பாட்டில் தண்ணீரில் நனைந்து மாற்றிப் போட்டிருந்த சேலையைக் கொடியில் காயப்போட மாடிக்குப் போனார் சூசையம்மாள்.